லேப்டாப் பயாஸ் பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கல்லூரி திறக்கிற சமயம் வந்தாலே மதுரை கே.கே. நகர், அண்ணா நகர் பக்கத்து வீடுகளில் லேப்டாப் பேச்சு ஆரம்பிச்சுடும். புதுசு வாங்க பட்ஜெட் இடிக்கும். அதனால் கம்பெனிகளில் மூணு, நாலு வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பையோ, அண்ணன் படிச்சு முடிச்ச லேப்டாப்பையோ எடுப்போம். ஆன் பண்ணினதும் விண்டோஸ் வராமல், கறுப்புத் திரையில் 'பாஸ்வேர்டு போடு'ன்னு ஒரு கட்டம் மட்டும் வந்து நின்றால்? அதுதான் பயாஸ் பாஸ்வேர்டு.

உடனே யூடியூபைப் பார்த்து லேப்டாப்பைக் கழற்ற உட்கார்ந்துடாதீங்க. முதலில் எது பூட்டியிருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.

பயாஸ்னா என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும் கீபோர்டு, மெமரி, ஹார்டு டிஸ்க் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து, பிறகு விண்டோஸை எழுப்பிவிடும் அடிப்படை சாஃப்ட்வேர்தான் பயாஸ். இது மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கிறது. இப்போதைய லேப்டாப்களில் இருப்பது இதன் அடுத்த தலைமுறையான யு.இ.எஃப்.ஐ. ஆனாலும் பயாஸ்ங்கிற பேரே நிலைச்சுப் போச்சு. விண்டோஸுக்கு முன்னாடியே இது வேலை செய்வதால், விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் பயாஸ் பாஸ்வேர்டு போகாது.

மூணு வகைப் பூட்டு

1. பவர் ஆன் பாஸ்வேர்டு: லேப்டாப் ஆன் ஆகும்போதே கேட்கும். அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தால், பல மாடல்களில் அதை வைத்து உள்ளே போய் இதை நீக்கிவிடலாம்.

2. அட்மின் அல்லது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு: இது மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் வழக்கம்போல ஓடும். பயாஸ் செட்டிங்ஸை மட்டும் மாற்ற முடியாது. பென் டிரைவில் இருந்து புதுசா விண்டோஸ் போட நினைக்கும்போதுதான் பிரச்னையே தெரியவரும்.

3. ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு: இதுதான் ரொம்பக் கறார். டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டினாலும் கேட்கும்.

பேட்டரியைக் கழற்றினால் போயிடுமா?

பழைய டெஸ்க்டாப்பில் இது பலித்தது. மதர்போர்டில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் மாதிரியான சி.ஆர்.2032 பேட்டரியைக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்தால் பாஸ்வேர்டு அழிந்துவிடும். அப்போது அது, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் மெமரியில் இருந்தது.

இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில் அட்மின் பாஸ்வேர்டு, மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் பதிவாகிறது. பேட்டரியை ஒரு நாள் முழுக்க எடுத்து வைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். திருடியவர் ஈஸியா திறந்துடக் கூடாதுன்னுதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் பாஸ்வேர்டு மறந்த உரிமையாளருக்கு பில்தான் சாவி.

வரிசையா என்ன செய்யணும்?

* கேப்ஸ் லாக், நம் லாக் விளக்குகளைப் பாருங்க. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இதனால் தப்பாகலாம்.

* கண்டபடி முயற்சி செய்யாதீங்க. பல மாடல்கள் மூணு முறை தப்பானதும் நின்றுவிடும். ஆஃப் செய்து, நிதானமா மறுபடி முயலுங்க. திரையில் ஏதாவது எண் வந்தால் போட்டோ எடுத்து வையுங்க. சர்வீஸ் சென்டரில் உதவலாம்.

* விண்டோஸ் ஓடுகிறது என்றால், முதல் வேலையா ஃபைல்களை பேக்கப் எடுங்க.

* பிட்லாக்கர் இருக்கான்னு பாருங்க. மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமித்திருந்தால் போனில் இருந்தே எடுக்கலாம். அது இல்லாமல் டேட்டாவைத் திரும்ப எடுக்க முடியாது.

* அடியில் இருக்கும் சீரியல் நம்பர், பில், அடையாள அட்டையோடு அந்த பிராண்டின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குப் போங்க. டெல்லின் பல மாடல்களுக்கு, உரிமையாளர் என்று உறுதியானால் திறக்கும் குறியீடு தருவார்கள். லெனோவோ திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால், மதர்போர்டையே மாற்றணும் என்பதுதான் கம்பெனியின் பதில். அதற்குக் கட்டணமும் ஆகலாம்.

* கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாமல், கம்பெனியின் இணையதளத்தில் இருந்தே எடுங்க. போலி எண்ணில் பணம் இழந்தால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

வெளிக்கடையில் கொடுக்கலாமா?

சில கடைகளில் பயாஸ் சிப்பைத் தனிக் கருவியில் மாட்டி மறுபடி எழுதுவார்கள். தெரிந்தவர் செய்தால் சரியாகும். தப்பான ஃபைல் ஏறினால் லேப்டாப் ஆன்கூட ஆகாது. வாரன்டி இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம். கொடுப்பதென்றால், 'சிப்பை எழுதப் போறீங்களா, போர்டை மாத்தப் போறீங்களா, சரியாகலைன்னா காசு உண்டா?'ன்னு முதலிலேயே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிடுங்க.

அரசு லேப்டாப்புக்கு பில் ஏது?

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழியாக வாங்கிய லேப்டாப்கள் லட்சக்கணக்கான மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இவற்றுக்கு மாணவர் கையில் கடை பில் இருக்காது. படித்த பள்ளி அல்லது கல்லூரியில், சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு வழங்கியதற்கான கடிதம் கேட்டுப் பாருங்க. அதோடு சர்வீஸ் சென்டருக்குப் போவது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு...

காசு கொடுப்பதற்கு முன்னாடி, கடையிலேயே லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்க. டெல், ஏசர், ஆசஸ் என்றால் பெரும்பாலும் எஃப்2, ஹெச்.பி என்றால் எஃப்10, திங்க்பேட் என்றால் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால், 'அப்புறம் எடுத்துத் தர்றோம்'ங்கிற பேச்சுக்கு மயங்க வேண்டாம். எடுத்துத் தந்த பிறகு காசு கொடுங்க.

சீரியல் நம்பர் எழுதிய பில் கட்டாயம். அடிமாட்டு விலைக்கு, பில் இல்லாமல், பூட்டோடு ஒரு லேப்டாப் வந்தால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம்.

கடைசியா ஒண்ணு. பயாஸ் பாஸ்வேர்டு போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால், போட்ட அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து பீரோவில் வைத்துவிடுங்க. லேப்டாப்பை விற்கும்போதும், தம்பி தங்கைக்குக் கொடுக்கும்போதும் மறக்காமல் நீக்கிட்டுக் கொடுங்க. நீங்க ஒரு நிமிஷத்தில் நீக்கக்கூடிய பாஸ்வேர்டுக்காக, அவங்க ஒரு மதர்போர்டு விலையைக் கொடுக்க வேண்டாமே!