பினைல்கீட்டோனூரியா: பெற்றோரின் தேடலில் பிறந்த மருத்துவ வரலாறு

பினைல்கீட்டோனூரியா என்பது மரபுவழி வரும் ஒரு வளர்சிதை மாற்றக் குறைபாடு. பால், முட்டை, பருப்பு, இறைச்சி என நாம் உண்ணும் புரத உணவுகள் எல்லாவற்றிலும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் உண்டு. நலமான உடலில் கல்லீரலிலுள்ள ஒரு நொதி, தேவைக்கு மிஞ்சிய பினைல்அலனினை டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடும். அந்த நொதி இல்லாமலோ மிகக் குறைவாகவோ பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் பினைல்அலனின் தேங்கி, வளர்ந்துவரும் மூளையைப் பாதிக்கிறது.

இக்குழந்தைகள் பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. சில மாதங்கள் கழித்தே மாற்றங்கள் தோன்றும். தவழ்வதும் பேசுவதும் தாமதமாகும். காரணமின்றி அழுவது, தலையை மோதிக்கொள்வது, ஓயாமல் அலைவது, முகம் பார்க்காமல் இருப்பது போன்ற நடத்தைகள் வரும். சிலருக்கு வலிப்பும் தோல் படையும் உண்டு. இன்று இக்குறையைப் பிறந்த சில நாட்களிலேயே ஒரு சொட்டு இரத்தத்தில் கண்டறிந்து, உணவுமுறையால் மூளையைக் காப்பாற்ற முடிகிறது. 1934ஆம் ஆண்டுக்கு முன் இப்படியொரு நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது. அது கண்டறியப்பட்டதிலும், சிகிச்சையும் சோதனையும் உருவானதிலும் மருத்துவர்களோடு பெற்றோருக்கும் நேரடிப் பங்கு உண்டு.

அன்றைய நிலை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அனைவரையும் ஒரே பெயரால் குறிப்பதே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமாக இருந்தது. குறைக்கு என்ன காரணம் என்று தேடுவதைவிட, குறை எவ்வளவு என்று அளந்து வகைப்படுத்துவதே பெரிதாக நடந்தது. இது குடும்பத்தின் இரத்தத்தில் உள்ள கேடு, இவர்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கை படித்தவர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. நார்வே 1934இல் கருத்தடைச் சட்டமே இயற்றியது. இந்நிலையில் பெற்றோருக்குக் கிடைத்தவை இரண்டு: சமூகத்தின் பழி, மருத்துவரின் கைவிரிப்பு.

இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1938இல் பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் இதற்குத் தெரிந்த சான்று. அவருடைய மகள் கேரல் 1920இல் சீனாவில் பிறந்தார். குழந்தை அழகாக இருந்தாலும் வளர்ச்சி பின்தங்கியது. தாய் பல மருத்துவர்களிடம் கொண்டுசென்றும் காரணம் தெரியவில்லை. 1929இல் மகளை நியூ ஜெர்சியிலுள்ள வைன்லாண்ட் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். மகளைப் பற்றி வெளியில் பேசாமலே இருந்த அவர், 1950இல்தான் அந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். கேரலுக்கு இருந்தது பினைல்கீட்டோனூரியா என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே உறுதியானது.

எகலாண்ட் குடும்பம்

நார்வே நாட்டைச் சேர்ந்த போர்க்னி எகலாண்ட் என்ற தாய்க்கு லிவ் என்ற மகளும் தாக் என்ற மகனும் இருந்தனர். இருவரும் பிறக்கும்போது நலமாகவே தோன்றினர். லிவ் தாமதமாக நடந்தாள், சில சொற்களே பேசினாள், நடை விறைப்பாக இருந்தது, நோக்கமின்றி அலைந்துகொண்டிருந்தாள். தம்பி தாக்கின் நிலை இன்னும் கடுமை. நான்கு வயதை நெருங்கியபோதும் அவனால் நடக்கவோ பேசவோ தானாக உண்ணவோ முடியவில்லை. பார்வையை ஒரு பொருளின் மீது நிறுத்தவும் இயலவில்லை.

போர்க்னி மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் சென்றார். ஒருவரிடமும் விளக்கம் இல்லை. அவர் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: இரு குழந்தைகளின் மீதும் விந்தையான, ஊசிப்போனது போன்ற ஒரு வாடை எப்போதும் இருந்தது. குளிப்பாட்டினாலும் அது போகவில்லை. மருத்துவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் தாயின் எண்ணம் நேரானது. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு ஒரே வகைக் குறையும் ஒரே வாடையும் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும்.

ஃபோலிங்கின் ஆய்வு

1934இல் எகலாண்ட் தம்பதியர் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரை அணுகினர். இவர் முதலில் வேதியியல் கற்று, பின்னர் மருத்துவம் படித்தவர். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். குழந்தைகளைப் பரிசோதித்தபோது வளர்ச்சிக் குறையைத் தவிர வேறு எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. வழக்கமான சிறுநீர்ச் சோதனையிலும் சர்க்கரை, புரதம் எதுவும் இல்லை. கடைசியாகக் கீட்டோன் பொருட்களைக் காண உதவும் பெரிக் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விட்டார். கீட்டோன்கள் இருந்தால் செம்பழுப்பு நிறம் வரும். வந்ததோ கரும்பச்சை நிறம். சில நிமிடங்களில் அது மங்கியும்விட்டது. தாக்கின் சிறுநீரிலும் அதே பச்சை.

குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த மருந்துகளால் இந்த நிறம் வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எனவே எல்லா மருந்துகளையும் சில நாட்கள் நிறுத்துமாறு ஃபோலிங் கேட்டுக்கொண்டார். நிறுத்திய பிறகும் பச்சை நிறம் மாறவில்லை. அப்படியானால் அப்பொருள் குழந்தைகளின் உடலிலேயே உண்டாகிறது. அதைப் பிரித்தெடுக்கப் பெருமளவு சிறுநீர் தேவைப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாத காலம் தாய் அதைச் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மொத்தம் 20 லிட்டருக்கும் மேல் இருக்கும். காற்றுப் பட்டால் சிதைந்துவிடும் அப்பொருளை ஃபோலிங் பொறுமையாகத் தூய்மைப்படுத்திப் படிகமாக்கினார். அது பினைல்பைருவிக் அமிலம் என நிறுவினார்.

அடுத்த கேள்வி, இது ஒரு குடும்பத்தின் விந்தையா, தனி நோயா என்பது. வளர்ச்சி குன்றியோருக்கான விடுதிகளில் இருந்த 430 பேரின் சிறுநீரை அவர் சோதித்தார். மேலும் எட்டுப் பேரிடம் அதே பச்சை நிறம் தோன்றியது. எகலாண்ட் குழந்தைகளையும் சேர்த்துப் பத்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை 1934இலேயே வெளியிட்டார். அறிவு வளர்ச்சிக் குறைக்கு உடலின் வேதியியல் காரணமாக இருக்கலாம் என்பது இதன்மூலம் தெளிவாக நிறுவப்பட்டது.

காரணம் தெளிவடைதல்

இங்கிலாந்தில் லயனல் பென்ரோஸ் இந்நோயின் மரபுவழியை ஆராய்ந்தார். 'பினைல்கீட்டோனூரியா' என்ற பெயர் பென்ரோஸும் குவாஸ்டலும் 1937இல் இட்டது. தாய், தந்தை இருவரும் பழுதுற்ற மரபணுவின் ஒரு படியைச் சுமந்திருந்தால், அவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைக் கொண்டு பென்ரோஸ் இனமேம்பாட்டுக் கொள்கையையே கேள்விக்கு உட்படுத்தினார். நோயாளிகள் மிகச் சிலர். மரபணுவைச் சுமக்கும் நலமானவர்களோ ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். மரபணுவை ஒழிக்க அத்தனை பேருக்கும் கருத்தடை செய்வது பொருளற்றது என்று 1946இல் எடுத்துக்காட்டினார்.

நியூயார்க்கில் ஜார்ஜ் ஜெர்விஸ், இந்நோயாளிகளின் உடல் பினைல்அலனினை டைரோசினாக மாற்றுவதில்லை என்று காட்டி, 1953இல் கல்லீரல் நொதியே குறைபாட்டின் இடம் என்று உறுதிசெய்தார். தாய் கண்ட அடையாளங்களுக்கு இப்போது விடை கிடைத்தது. வாடைக்குக் காரணம், மிஞ்சிய பினைல்அலனினிலிருந்து உண்டாகும் பினைல்அசிட்டிக் அமிலம். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் டைரோசினிலிருந்து உருவாவதால், இக்குழந்தைகள் உடன்பிறந்தாரைவிட வெளிறிய நிறத்தில் இருந்தனர்.

மேரி ஜோன்ஸின் பிடிவாதம்

காரணம் தெரிந்தும் 17 ஆண்டுகளாகச் சிகிச்சை இல்லை. 1951இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில், ஹார்ஸ்ட் பிக்கல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 17 மாதக் குழந்தை ஷீலாவுக்கு இந்நோய் இருப்பதைக் கண்டறிந்தார். ஷீலாவால் உட்காரவோ நிற்கவோ முடியவில்லை. அழுதுகொண்டும் தலையை மோதிக்கொண்டும் இருந்தாள். நோயைக் கண்டறிந்த சோதனைத் தாளை பிக்கல் தாயிடம் காட்டினார். தாய் மேரி ஜோன்ஸுக்கு அதில் மகிழ்ச்சியில்லை. பெயர் தெரிந்து என்ன பயன், என் மகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே அவர் கேள்வி. முடியாது என்ற பதிலை அவர் ஏற்கவில்லை. நாள்தோறும் காலையில் ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்றார்.

லண்டனில் லூயிஸ் உல்ஃப் கூறியிருந்த யோசனையின்படி, பால் புரதத்தைச் சிதைத்து, கரி வழியாக வடிகட்டிப் பினைல்அலனினை நீக்கும் முறையை பிக்கல், ஜான் ஜெரார்டு, ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகியோர் பின்பற்றினர். அந்தச் சிறப்பு உணவைத் தொடங்கிய சில மாதங்களில் ஷீலா தவழ்ந்தாள்; பிடித்துக்கொண்டு நின்றாள்; கண்கள் தெளிந்தன; முடி கருத்தது; தலை மோதுவது நின்றது.

முன்னேற்றம் உணவால்தானா என்று உறுதிசெய்ய, மருத்துவர்கள் தாய்க்குத் தெரிவிக்காமல் உணவில் பினைல்அலனினைச் சேர்த்தனர். ஒரு நாளுக்குள் குழந்தை மீண்டும் அழத் தொடங்கினாள். சில நாட்களில், கற்றவை எல்லாம் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு தாய் கலங்கினார். சேர்த்ததை நிறுத்தியதும் குழந்தை தேறினாள். பின்னர் தாயின் ஒப்புதலுடன் மருத்துவமனையில் இச்சோதனை மீண்டும் செய்யப்பட்டது. நடத்தைக்கும் வேதிப்பொருளுக்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட்டது. முடிவுகள் 1953இல் வெளியாயின. ஆனால் பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தையிடம் சோதனை செய்வது சரியா என்ற கேள்வியும் இந்நிகழ்வோடு சேர்ந்தே நிற்கிறது. இன்றைய ஆய்வு நெறிகள் இதை அனுமதிப்பதில்லை.

குத்ரியின் இரத்தத்துளி

மூளை பாதித்த பின் உணவை மாற்றினால் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. ஆகவே அறிகுறி தோன்றும் முன்பே நோயைக் காண வேண்டியிருந்தது. பெரிக் குளோரைடு சோதனை பிறந்து சில வாரங்கள் கழித்தே பலன் தரும். அதற்குள் பாதிப்பு தொடங்கிவிடும்.

இதற்கு வழி கண்டவரும் ஒரு தந்தையே. அமெரிக்காவின் பஃபலோ நகரில் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டிருந்த நுண்ணுயிரியலாளர் ராபர்ட் குத்ரியின் மகன் அறிவுசார் குறைபாட்டுடன் பிறந்தவர். அதனால் பெற்றோர் சங்கத்தில் குத்ரி தீவிரமாக இயங்கினார். மகனுடைய குறைக்குப் பினைல்கீட்டோனூரியா காரணமில்லை. ஆனால் அவர் மனைவியின் சகோதரி மகளுக்கு இந்நோய் இருப்பது 1958இல், 15 மாத வயதில், காலங்கடந்து தெரியவந்தது.

குத்ரி உருவாக்கிய முறை எளியது. குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, அதிலிருந்து ஒரு சிறு வட்டை வெட்டி, பாக்டீரியா கலந்த கூழ்மத் தட்டில் வைப்பார்கள். பாக்டீரியா வளராமல் தடுக்கும் பொருள் ஒன்று தட்டில் இருக்கும். இரத்தத்தில் பினைல்அலனின் மிகுந்திருந்தால் அது தடையை முறியடிக்கும். வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளையமாக வளரும். வளையம் பெரிதானால் அளவு மிகுதி. உலர்ந்த தாளை அஞ்சலிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 1960களின் தொடக்கத்தில் 29 மாநிலங்களில் 4,00,000 குழந்தைகளைச் சோதித்ததில் 39 பேரிடம் நோய் கண்டறியப்பட்டது. மாசசூசெட்ஸ் 1963இல் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் நாடுகளும் தொடர்ந்தன. இன்று பல பிறவி நோய்களுக்குச் செய்யப்படும் குதிகால் இரத்தச் சோதனை இதன் வழிவந்ததே.

மற்றொரு வழியில் சென்ற தேடல்

எல்லா விந்தை நடத்தைகளுக்கும் இப்படி ஒற்றைக் காரணம் அகப்படவில்லை. ஆட்டிசத்தின் வரலாறு இதற்குச் சான்று. டொனால்டு டிரிப்ளெட் என்ற சிறுவனின் தந்தை, மகனின் நடத்தைகளை 33 பக்கக் கடிதமாக எழுதி மருத்துவர் லியோ கேனருக்கு அனுப்பினார். 1943இல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதல் குழந்தை டொனால்டு. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில், தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து பரவிப் பல குடும்பங்களைக் குற்ற உணர்வில் தள்ளியது. ஆட்டிசக் குழந்தையின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்ட் 1964இல் எழுதிய நூலில், காரணம் மூளையில் உள்ளது, வளர்ப்பில் இல்லை என்று வாதிட்டு இக்கருத்தை அசைத்தார். ஆட்டிசத்துக்குப் பல மரபணுக்கள் தொடர்புடையன என்று இன்று அறிகிறோம். ஒரு துளி இரத்தத்தில் அதை உறுதிசெய்யும் சோதனை இல்லை.

இன்றைய நிலை

பினைல்கீட்டோனூரியாவுக்கான உணவுக் கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும் என்பதே இப்போதைய மருத்துவ அறிவுரை. இந்நோயுள்ள பெண்கள் கருவுறும் முன்பிருந்தே அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். இல்லையெனில் தாயின் இரத்தத்திலுள்ள பினைல்அலனின் கருவைப் பாதிக்கும். 2007 முதல், சில நோயாளிகளுக்குப் பயன்தரும் சாப்ராப்டெரின் என்ற மருந்தும் உள்ளது. சர்க்கரை இல்லாத பானங்களில் சேர்க்கப்படும் அஸ்பார்டேம் உடலில் பினைல்அலனினைத் தருவதால், இந்நோயாளிகளுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையை இந்தியாவிலும் அவற்றின் மேலுறையில் காணலாம்.

இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யும் நாடு தழுவிய திட்டம் இல்லை. சில மாநிலங்களிலும் பல தனியார் மருத்துவமனைகளிலும் செய்யப்படுகிறது. இந்தியாவில் பிறந்து சோதனை செய்யப்படாத ஒரு குழந்தைக்கு, பெற்றோரின் கவனிப்பே இன்றும் முதல் சான்று. நீங்காத வாடை, உடன்பிறந்தோருக்கும் அதே குறை, கற்றதை இழத்தல், குறிப்பிட்ட உணவுக்குப் பின் மோசமாதல் போன்றவற்றைத் தேதியோடு குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்வது காரணத்தைத் தேட உதவும்.

எகலாண்ட் குழந்தைகளுக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. தாக் சிறு வயதிலேயே இறந்தான். லிவ் வாழ்நாள் முழுதும் பிறர் பராமரிப்பில் இருந்தாள். அவர்களுடைய தாய் கேட்ட கேள்வியின் பயனை, அதன் பின் பிறந்த குழந்தைகள் பெற்றனர்.