கால்வாயும் கெண்டையும்



என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் நினைவிருக்கும். 1761. வொர்ஸ்லி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு ஒரு பிரபு தன் செலவில் வெட்டியது. கால்வாய் வந்ததும் மான்செஸ்டரில் கரி விலை பாதியாக இறங்கியது. அதைப் பார்த்து இங்கிலாந்து முழுக்க வெட்ட ஆரம்பித்தார்கள். 1830-இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் அதோடு கால்வாய்க்கு முற்றுப்புள்ளி. கேள்வித்தாளிலும் அதற்கு மேல் வராது.

ஆனால் வெட்டிய கால்வாய் எங்கும் போய்விடவில்லை. இன்றும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழி ஒரே அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. கரி ஏற்றிய படகுகள் இல்லை, இழுத்த குதிரைகளும் இல்லை. குதிரை நடந்த கரைப்பாதையில் இப்போது சைக்கிள் போகிறது. அதன் ஓரத்தில் நாற்காலி போட்டு, தூண்டிலை ஊன்றிவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். இன்றைய பாடம் அவரைப் பற்றியது.

மகள் வீட்டில் தங்கியிருந்தபோது தினமும் காலையில் ரீஜண்ட்ஸ் கால்வாய்க் கரையில் நடப்பேன். லண்டனின் வடக்கே பாடிங்டனிலிருந்து கிழக்கே லைம்ஹவுஸ் வரை வளைந்து போகும் கால்வாய் அது; 1820-இல் திறந்தது. ஒருநாள் ஒருவர் நல்ல கனமான கெண்டை ஒன்றைக் கரையேற்றினார். ஈரமெத்தையில் படுக்க வைத்தார். முள் குத்திய இடத்தில் மருந்து தடவினார். எடை பார்த்தார், படம் எடுத்தார், இரண்டு கையாலும் ஏந்தித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்! குடும்பக் குழுவில் படத்தைப் போட்டேன். “குழம்பா, வறுவலா?” என்று சின்ன அத்தை. விட்டுவிட்டார் என்றதும் “வேலையத்தவன்” என்று மச்சான் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பின் மேல் இது என் மேல்முறையீடு.

முதலில் மீனைப் பார்ப்போம். கெண்டை இங்கிலாந்துக்குச் சொந்தமான மீன் அல்ல. டான்யூப் பக்கத்து மீன். ஐரோப்பிய மடாலயங்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் குளம் வெட்டி வளர்த்தார்கள். புலால் விலக்கிய விரத நாட்களில் மீன் சாப்பிடலாம் அல்லவா? 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. 1496-இல் அச்சான தூண்டில் கலை நூலில், நல்ல மீன்தான், ஆனால் இங்கே கிடைப்பது அரிது என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. 1653-இல் ஐசக் வால்ட்டன் என்ற லண்டன் துணி வியாபாரி எழுதிய புகழ்பெற்ற நூலில் இதே மீனுக்கு அரசிப் பட்டம். எப்படிச் சமைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அப்போதெல்லாம் பிடித்தால் அடுப்புக்குத்தான்.

(நம் ஊட்டிக்கும் இந்த மீன் வெளிநாட்டு விருந்தாளிதான். 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். சாதாக் கெண்டை என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த இனம்தான்.)

இனி மனிதர்கள். அந்த நாட்டில் மீனிலும் சாதி உண்டு. சால்மன், டிரவுட் இரண்டும் ‘கேம்’ மீன்கள். தெளிந்த ஆறும் ஆற்றங்கரை நிலமும் வைத்திருந்த பெரிய மனிதர்களுக்கு. மற்ற நன்னீர் மீன்களுக்குப் பொதுப்பெயர் ‘கோர்ஸ்’, அதாவது மட்டரகம். கெண்டை அரசியும் இந்தப் பட்டியலில்தான். ஆலைத் தொழிலாளிக்கு எட்டியது இவைதான். 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தால் துணியாலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலை முடிந்தது. அந்த அரைநாள் விடுப்பு மெல்ல மெல்ல மற்றவர்களுக்கும் பரவியது. அரைநாளை வைத்துக்கொண்டு தொழிலாளி எங்கே போவார்? பிரபுவின் ஆற்றில் கால் வைத்தால் வழக்கு. ஆலைக்குப் பின்னாலேயே ஓடிய கால்வாய்க்குப் போனார்.

மதுக்கடைக்கு மதுக்கடை தூண்டில் சங்கம் தோன்றியது. கரையில் இத்தனை தூரம் என்று கால்வாய்க் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள், போட்டி வைத்தார்கள். ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர்கள் இதில் பெரும் கூட்டம். சால்மனைக் காக்க 1861-லேயே சட்டம் வந்திருந்தது. மட்டரக மீன்களைக் கேட்க நாதியில்லை. முட்டையிடும் காலத்திலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஷெஃபீல்டு உறுப்பினர் முண்டெல்லா பாராளுமன்றத்தில் எடுத்துப் பேசி, 1878-இல் சட்டம் வந்தது: மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை இந்த மீன்களைப் பிடிக்கக்கூடாது. எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் தனி மரியாதை. தன் பொழுதுபோக்குக்குத் தானே தடை போடச் சொல்லித் தொழிலாளி கேட்டு வாங்கிய சட்டம்! அதனால் தலைமுறை தலைமுறையாக ஜூன் 16 அவர்களுக்குத் தீபாவளி மாதிரி. பெரும்பாலான கால்வாய்களுக்கு இந்தத் தடையை 2000-இல் எடுத்துவிட்டார்கள். ஆறுகளில் இன்னும் இருக்கிறது.

இதற்கிடையே கால்வாய் செத்துக்கொண்டிருந்தது. ரயில் கம்பெனிகளே பல கால்வாய்களை வாங்கிப் பராமரிக்காமல் விட்டன. 1948-இல் அரசுடைமை. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்ததில், மிச்சமிருந்த சரக்கும் லாரிக்குப் போயிற்று. தூர்த்துவிட்டு ரோடு போடலாம் என்ற பேச்சு பல ஊர்களில் எழுந்தது, சில இடங்களில் தூர்த்தும் விட்டார்கள். காப்பாற்றிய பெருமை 1946-இல் சங்கம் அமைத்துப் போராடிய படகு ஆர்வலர்களுக்குப் போகிறது. நியாயம்தான். ஆனால் படகே வராத பாசித் தண்ணீருக்கும் வாடகை கட்டி, மழையிலும் குளிரிலும் கரையில் உட்கார்ந்திருந்தவர் தூண்டில்காரர். புத்தகம் எழுதும் பழக்கம் அவருக்குக் குறைவு, அதனால் பெயரும் குறைவு. 1968-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொழுதுபோக்கும் கால்வாயின் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டது.

அதுவரை நகரக் கால்வாயில் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் விரல் நீள மீன்கள். கெண்டை அங்கே பெருகியது பின்னால்தான். சங்கங்கள் கொண்டுவந்து விட்டன. வேறு வழிகளிலும் வந்து சேர்ந்தது. சேறு கிளறித் தின்னும் மீன், ஆக்சிஜன் குறைந்த கலங்கல் தண்ணீரிலும் பிழைக்கும். நகரக் கால்வாய்க்கென்றே செய்த மாதிரி. பாலத்தடியிலும், கட்டிப்போட்ட படகுகளின் அடியிலும் ஒண்டிக்கொள்ளும்.

சரி, ஏன் விட்டுவிடுகிறார்கள்? இதற்கு ஒரு தேதி சொல்லலாம்: 1952 செப்டம்பர் 13. ஹியர்ஃபோர்டுஷயரில் ரெட்மயர் என்ற சிறு குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்ற பொறியாளர் 44 பவுண்டுக் கெண்டை பிடித்தார். ஏறக்குறைய 20 கிலோ. பெரிய கெண்டை தூண்டிலில் சிக்கவே சிக்காது என்று நம்பிய காலம். வாக்கர் அதைக் கொல்லவில்லை, லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு போன் போட்டார். அவர்கள் வந்து உயிரோடு கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் விட்டார்கள். கிளாரிசா என்று பெயர். 1971 வரை வாழ்ந்தது. எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மிருகக்காட்சி சாலையின் நடுவேதான் நான் சொன்ன ரீஜண்ட்ஸ் கால்வாய் ஓடுகிறது. வாக்கரின் சாதனையை 1980-இல்தான், அதுவும் அதே குளத்தில், முறியடித்தார்கள்.

பெரிய கெண்டை பல்லாண்டு வாழ்ந்து மெல்ல வளரும். ஒன்றைத் தின்றுவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரப் பல வருடம் ஆகும். விட்டுவிட்டால் அடுத்த வருடம் இன்னும் கனமாக வேறொருவர் கைக்கு வரும். இந்தக் கணக்குதான் வழக்கமானது. செதில் அமைப்பை வைத்து ஒவ்வொரு மீனையும் அடையாளம் கண்டு பெயரே வைக்கிறார்கள். 1980 வாக்கில் பிடிக்கும் நுட்பமும் மாறியது. கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பிவிடும். அதனால் முள்ளில் இரையைக் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கட்டினார்கள். ஆரம்பத்தில் அந்த இழை அசல் தலைமயிர்! நம் ஊரில் தங்கூசியும் தக்கையும் மண்புழுவும் வைத்து வாய்க்காலில் விளையாடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்று கால்வாய்க் கரையில் இதை ஒட்டி ஒரு சங்கடம். போலந்திலும் செக் நாட்டிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில் கெண்டை இல்லாமல் முடியாது. அங்கிருந்து பிழைக்க வந்தவர் கால்வாயில் கெண்டையைப் பிடித்தால் வீட்டுக்கு எடுத்துப்போகத்தானே நினைப்பார்? உரிமையாளரின் அனுமதியில்லாமல் எடுத்துப்போவது குற்றம். சில கரைகளில் போலிஷ் மொழியிலும் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். திருட்டு என்கிறார் ஒருவர், விரத காலத்துப் பண்டம் என்கிறார் மற்றவர். மடாலயத்தார் எதற்காகக் குளம் வெட்டினார்களோ, அதற்காக இந்த மீனைக் கேட்பவர் இப்போது வந்திருக்கும் விருந்தாளிதான். விதி மீறலை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அவரைக் காட்டுமிராண்டி என்று சிலர் பேசும்போது எனக்கு வருத்தம்.

லண்டன், பர்மிங்காம் பக்கம் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது கால்வாயில் தூண்டில் போட்டிருந்தால் எழுதுங்கள். உரிமம் எடுத்துவிட்டுப் போங்கள். 13 வயதிலிருந்து கட்டாயம். மச்சானின் பதிலையும் எதிர்பார்க்கிறேன்.