இயைபும் மீட்பும்: கோப்பு முறைமைப் பழுது பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வன்தட்டில் எழுதப்படுவன இருவகைப்படும். பயனர் எழுதிவைக்கும் கடிதம், கணக்கு, நிழற்படம் ஆகியன ஒருவகை. அவை தட்டின் எவ்விடத்தில் உள்ளன, எவ்வளவு நீளமானவை, எப்பெயரால் அழைக்கப்படுவன, எவ்விடங்கள் இன்னும் வெறுமையாக உள்ளன என்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடுகள் மற்றொரு வகை. நூலகமொன்றின் இறாக்கைகளில் உள்ள நூல்களுக்கும் அந்நூலகத்தின் பட்டியல் அட்டைகளுக்கும் உள்ள தொடர்பே இவ்விரண்டுக்கும் உள்ளது. இப்பதிவேடுகளைப் பேணும் ஒழுங்கினையே கோப்பு முறைமை என்பர். புதிய கோப்பொன்றை எழுதும்போது பல பதிவேடுகள் மாற்றப்படல் வேண்டும். தட்டு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே எழுதவல்லது. இடையில் மின்சாரம் நின்றுபோயின் பதிவேடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கும். கோப்பு முறைமை பழுதடைதல் என்று வழங்கப்படுவதன் பழைமையான வடிவம் இதுவே.

இப்பழுதைத் திருத்துதல் என்னும்போது இருவேறு பணிகள் கருதப்படுகின்றன. பதிவேடுகளை ஒன்றோடொன்று இயைவித்தல் ஒன்று. இழந்த பொருளை மீட்டல் மற்றொன்று. முன்னையதை மாத்திரம் செய்யும் கருவிகள் பின்னையதையும் செய்யும் என்று கருதும் மயக்கம் நீண்டகாலம் நிலவிவந்துள்ளது. நாள்தோறும் நாடாவிற் பிரதியெடுத்துவைத்த கணனி நிலையங்களில் அம்மயக்கத்தால் விளைந்த தீங்கு சிறிது. ஒரு குடும்பத்தின் நிழற்படங்களெல்லாம் வீட்டு மூலையில் உள்ள சேமிப்புச் சேவையகத்தில் வந்து சேர்ந்தபின் அது சிறிதாக இருக்கவில்லை.

பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டிற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் தொடக்கிய யுனிக்ஸ் முறைமையிலிருந்து இவ்வரலாற்றை நோக்குதல் தகும். யுனிக்ஸ், எழுதவேண்டியவற்றை உடனுக்குடன் தட்டில் எழுதாது நினைவகத்தில் வைத்திருந்து பின்னரே எழுதியது. ஏறத்தாழ 30 செக்கன்களுக்கு ஒருமுறை தேங்கியவை தட்டுக்கு அனுப்பப்பட்டன. வேகத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட இவ்வேற்பாட்டினால், கணனி திடீரென நின்றபோதெல்லாம் தட்டு பழைமையும் புதுமையும் கலந்த நிலையில் எஞ்சியது. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் இதற்கென ஐ-செக், டி-செக் முதலிய சிறு கருவிகள் இருந்தன. முன்னையது தட்டின் இடங்களைக் கணக்கிட்டது. பின்னையது பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்த்தது. இவை முரண்பாட்டை எடுத்துக்காட்டினவேயன்றி, பெரும்பாலும் தாமே தீர்க்கவில்லை. ஒரே இடத்தை இரு கோப்புகள் உரிமைகோரும்போது எதனை அழிப்பது என்பதை இயக்குநரே தீர்மானித்தார். அவர் முறைமையின் உள்ளமைப்பை அறிந்தவராய் இருத்தல் வேண்டும். பலவிடங்களில் அம்முறைமையை நிறுவியவரும் அவராகவே இருந்தார்.

1970களின் பிற்பகுதியில் ரெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்.எஸ்.சி.கே. என்னுஞ் செய்நிரல் இவ்வறிவினை ஒரு நடைமுறையாக்கியது. இடங்களும் அளவுகளும், பெயர்ப்பாதைகள், தொடர்புகள், சுட்டுகளின் எண்ணிக்கை, வெற்றிடப் பட்டியல் என ஐந்து கட்டங்களில் அது தட்டை ஆராய்ந்தது. முரண்பாடு கண்டவிடத்து, திருத்தலாமா என வினவி, ஆம் அல்லது இல்லை என்ற விடையை எதிர்பார்த்தது. பெயரை இழந்த கோப்புகளை ‘லொஸ்ற் அன்ட் ஃபவுண்ட்’ எனப்பட்ட தனிப் பட்டியலில் எண்களையே பெயராக இட்டுச் சேர்த்தது. புகையிரத நிலையங்களிற் பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைத்திருக்கும் அறையின் பெயரது. பொருத்தமான பெயர் என்றே கூறல் வேண்டும்.

இச்செய்நிரலின் நோக்கம் பதிவேடுகளை இயைவித்தல் மாத்திரமே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இரு கோப்புகள் ஓர் இடத்துக்கு உரிமைகோரின் அவற்றை நீக்கிவிடுவதும் இயைபுதான். பழுதுற்ற பெயர்ப் பட்டியலை வெறுமையாக்குவதும் இயைபுதான். தட்டு முழுவதையும் வெறிதாக்கினால் அதனினும் இயைபுடைய கோப்பு முறைமை வேறொன்றிராது. எல்லா வினாக்களுக்கும் தானாகவே ஆம் என விடையளிக்கும் வசதியும் அதில் இருந்தது. அறிந்தவர் அதனை அஞ்சியே பயன்படுத்தினர். அறியாதவருக்கு அதுவே எளிய வழியாகத் தோன்றியது. பின்னர் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் கேர்க் மக்கூசிக் முதலியோர் உருவாக்கிய விரைவுக் கோப்பு முறைமை 1983இல் வெளிவந்தபோது, பதிவேடுகள் குறித்த வரிசையிலேயே தட்டில் எழுதப்பட்டன. இதனால் மின்தடைக்குப் பின் எவ்வகை முரண்பாடுகள் எழும் என்பதை முன்கூட்டியே அறிதல் இயன்றது. அத்தகையவற்றை மட்டும் வினவாமலே திருத்தி, பிறவற்றைக் கண்டால் நின்று மனிதரை அழைக்கும் முறையும் அங்கு வகுக்கப்பட்டது. திருத்தும் கருவி எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சிந்தித்தமை, வேகத்தைவிடப் பெரிய பேறு எனலாம்.

இதே காலத்தில் முற்றிலும் வேறான ஒரு சிந்தனையும் இருந்தது. செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் 1973இல் உருவான ‘அல்ரோ’, தனியொருவரின் பயன்பாட்டுக்கென அமைந்த கணனி. அதன் தட்டு 2.5 மெகாபைற்று கொள்ளளவுடையது. அத்தட்டின் ஒவ்வொரு பக்கமும், தான் எந்தக் கோப்பின் எத்தனையாம் பக்கம் என்பதைத் தன்மீதே பொறித்த சிட்டையாகத் தாங்கியிருந்தது. பதிவேடுகள் வெறும் குறிப்புகளாகவே கொள்ளப்பட்டன. அவை கெட்டால், எல்லாச் சிட்டைகளையும் வாசித்து முழுப் பட்டியலையும் புதிதாக ஆக்கும் செய்நிரலொன்று இருந்தது. பட்டியல் அட்டைகள் எரிந்துபோயினும் ஒவ்வொரு நூலின் முதுகிலும் அதன் இலக்கம் எழுதப்பட்டிருப்பதுபோல என்க. தனியாள் கணனிக்கு மிகவும் வேண்டப்பட்ட இவ்வேற்பாடு, பிற்காலத்தில் வீடுகளை அடைந்த மலிவான வன்தட்டுகளில் இடம்பெறவில்லை.

தட்டுகள் பெருகப் பெருக, முழுத் தட்டையும் வாசிக்கும் பரிசோதனைக்கு மணிக்கணக்கான நேரம் சென்றது. தரவுத்தள அறிஞர்களிடமிருந்து ஒரு வழி பெறப்பட்டது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதி, அதன்பின் உரிய இடங்களில் எழுதுவதே அவ்வழி. மின்சாரம் நின்றால் நாட்குறிப்பை மட்டும் வாசித்தாற் போதும். செரொக்சின் சீடார் முறைமையில் 1987இலும், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ். முறைமையில் 1990இலும் இது கையாளப்பட்டது. லினக்சின் எக்ஸ்ற்3, 2001இல் இதனைப் பெருவழக்காக்கியது. எனினும் இந்நாட்குறிப்புகளிற் பொதுவாக எழுதப்பட்டவை பதிவேடுகளின் மாற்றங்களே. கோப்பின் உள்ளடக்கம் அவற்றில் இடம்பெறவில்லை. மணிக்கணக்கான பணி செக்கன்களில் முடிந்தது. பணியின் தன்மை மாறவில்லை.

இக்கட்டத்திலேயே வீட்டுச் சேவையகம் வரலாற்றில் நுழைகின்றது. எண்முறை நிழற்படக் கருவி பரவியதனால், முன்னர் அலுமாரியில் அல்பங்களாக இருந்தவை கோப்புகளாயின. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் ஹோம் சேர்வர்’ என்னும் முறைமையை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. கணனி நிபுணரல்லாதோர் இயக்கும் சேவையகம் என்பதே அதன் சிறப்பு. வெவ்வேறு அளவுள்ள பல வன்தட்டுகளை ஒரே சேமிப்பிடமாகக் காட்டி, வேண்டிய கோப்புகளை இரு தட்டுகளிற் பிரதிசெய்யும் ‘டிறைவ் எக்ஸ்ரெண்டர்’ என்ற மென்பொருட் படை அதில் இருந்தது. உண்மையான கோப்பு வேறொரு தட்டில் இருக்க, முதலாந் தட்டில் அதனைச் சுட்டும் நடுகல் போன்ற சிறு பதிவு மட்டும் நின்றது. வாசிப்பும் எழுத்தும் இப்படையினூடாகவே சென்றன.

2007 டிசம்பரில், இச்சேவையகத்தில் உள்ள கோப்புகளைச் சில மென்பொருள்கள் கொண்டு நேரடியாகத் திருத்திச் சேமித்தால் அவை கெட்டுப்போகக்கூடும் என நிறுவனமே அறிவித்தது. அப்பட்டியலில் விஸ்ராவின் நிழற்படக் காட்சிக்கூடம், வன்நோட், அவுட்லுக் முதலியன இருந்தன. வன்தட்டு ஒன்றே உடைய சேவையகங்களில் இக்குறைபாடு தோன்றவில்லை. மேலதிகத் தட்டைச் சேர்த்துத் தம் பொருளுக்குக் காவல் தேடியோரே பாதிப்புக்கு உள்ளாகினர் என்பது கவனிக்கத்தக்கது. அடிப்படையான என்.ரி.எஃப்.எஸ். முறைமையின் பதிவேடுகள் இங்கு முரண்படவேண்டியதில்லை. கோப்பின் பெயரும் நீளமும் இடமும் சரியாக இருக்க, உள்ளடக்கமே பிழையாக எழுதப்பட்டது. பதிவேடுகளை ஒப்புநோக்கும் எந்தப் பரிசோதனைக் கருவிக்கும் இது புலப்படாது. இரட்டைப் பிரதியும் உதவுவதற்கில்லை. கெட்டுப்போனதையும் பிரதிசெய்வதே அதன் தொழில். 2008 ஜூலையில் வெளிவந்த ‘பவர் பக் 1’ என்ற திருத்தப் பொதி இக்குறைபாட்டை நீக்கியது. ஏறத்தாழ ஏழு மாதங்கள், சேவையகத்திலுள்ள கோப்புகளை அங்கிருந்தபடியே திருத்தாது, பிரதியெடுத்துப் பயன்படுத்துமாறு பயனருக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. 2010 நவம்பரில் இப்படையையே அடுத்த பதிப்பிலிருந்து விலக்குவதாக நிறுவனம் அறிவித்தது. 2011இல் வெளிவந்த பதிப்பில் அது இல்லை.

இஃது ஒரு நிறுவனத்தின் தனிக்குறையெனக் கொண்டு ஒதுக்குதற்குரியதன்று. 2008இல் வெளியான ஆய்வொன்று நெற்அப் நிறுவனத்தின் சேமிப்பு முறைமைகளில் இயங்கிய 15 இலட்சத்து 30 ஆயிரம் வன்தட்டுகளை 41 மாதங்கள் அவதானித்து, உள்ளடக்கம் சரிபார்ப்பெண்ணோடு பொருந்தாத நிகழ்வுகள் 4 இலட்சத்துக்கு மேற்பட்டன எனக் கண்டது. பெருநிறுவனங்களுக்கான விலைகூடிய தட்டுகளைவிட, வீட்டுத் தட்டுகளுக்கு நெருங்கிய இனமான சாற்றா தட்டுகளில் இப்பழுது பன்மடங்கு மிகுந்திருந்தது. தட்டு எப்பிழையையும் அறிவிக்காமலே பிழையான தரவைத் தரக்கூடும் என்பது இதனால் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

சண் நிறுவனத்தில் ஜெஃப் பொன்விக், மத்தியூ ஆரன்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கி, 2005இல் மூலநிரலோடு வெளிப்படுத்தப்பட்ட இசட்.எஃப்.எஸ். என்னும் முறைமை, இவ்வையத்தையே தொடக்கமாகக் கொண்டது. எழுதப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பெண் ஒன்று கணிக்கப்பட்டு, அத்துண்டைச் சுட்டும் மேலைத் துண்டில் அது வைக்கப்பட்டது. அல்ரோவின் சிட்டையைப் போலத் துண்டிலேயே வைக்காமைக்குக் காரணமுண்டு. எழுதச் சொன்னதைத் தட்டு எழுதாமலே விட்டால், பழைய துண்டும் அதன் பழைய எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தியே நிற்கும். பொய்ச்சாட்சி கூறுபவனையே தன் சாட்சியத்துக்குச் சான்றாக அழைப்பதற்கு இஃது ஒப்பாகும். பழையதன்மேல் எழுதாது புதிய இடத்தில் எழுதி, இறுதியில் உச்சிச் சுட்டியை மாற்றுவதால், மின்தடைக்குப் பின் பழைய நிலையோ புதிய நிலையோ முழுமையாகவே எஞ்சும். ஆகவே இம்முறைமைக்கு எஃப்.எஸ்.சி.கே. போன்ற கருவி தேவையில்லை என அதனை ஆக்கியோர் கூறினர்.

2008இல் ஃப்றீ பி.எஸ்.டி. 7.0 வழியாக இம்முறைமை சாதாரண கணனிகளுக்கும் வந்தது. எழுதியாயிற்று எனத் தட்டு கூறினால் அஃது உண்மை என்ற எடுகோள் அதன் அடியில் இருந்தது. மலிவான தட்டுகளும் யு.எஸ்.பி. இணைப்பிகளுஞ் சில, தம் நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டே எழுதியாயிற்று எனக் கூறின. மின்சாரம் நின்றபோது உச்சிச் சுட்டி முந்திப்போய், அது சுட்டிய துண்டுகள் எழுதப்படாது போயின. முழுச் சேமிப்பையும் திறக்கவியலாத பயனருக்கு, பிழையே நேராது என்று கருதப்பட்ட முறைமையில் மீட்புக் கருவி எதுவும் இருக்கவில்லை. 2009இன் இறுதியில், கடைசிச் சில செக்கன்களின் மாற்றங்களைக் கைவிட்டு அதற்கு முந்திய முழுமையான நிலைக்குத் திரும்பும் வழி சேர்க்கப்பட்டது. எவ்வளவு காலத்துக்குரிய மாற்றங்கள் கைவிடப்படும் என்பதை அது பயனருக்கு முன்னரே அறிவிக்கின்றது. எஃப்.எஸ்.சி.கே.யின் வினாவோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: எதனை இழக்கப்போகிறார் என்பது, விடை கூறுவதற்கு முன்னரே பயனருக்குத் தெரிகின்றது.

இரு தட்டுகளில் நற்பிரதி ஒன்றேனும் இருப்பின், கெட்டதை அதுகொண்டு இம்முறைமை தானே புதுப்பிக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுச் சேமிப்பையும் வாசித்துச் சரிபார்க்கும் துடைப்புப் பணியின் பயனும் அதுவே. தட்டு ஒன்று மட்டுமே உள்ள வீட்டுச் சேவையகத்தில் நற்பிரதி பொதுவாக வேறிடத்தில் இராது. அப்போது முறைமை எதனையும் ஊகித்து எழுதுவதில்லை. கெட்டுப்போன கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டி, வேறிடத்துப் பிரதியிலிருந்து அவற்றை மீட்குமாறு கூறி நின்றுவிடுகின்றது.