பூஜ்யத்தில் முடியும் எண்கள்: முதல் வகை நீரிழிவுள்ள சிறாரும் சிகிச்சைத் தொடர்ச்சியும்

சர்க்கரை அளவைக் குறிக்கும் நோட்டில் ஒரு மாதம் முழுக்க 110, 120, 130 என எல்லா எண்களும் பூஜ்யத்தில் முடிந்து, ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால், அது மருத்துவமனைக்கு வருவதற்கு முந்தைய இரவு ஒரே மூச்சில் நிரப்பப்பட்டது என்பது சிறார் நீரிழிவுப் பிரிவில் பணியாற்றும் எவருக்கும் தெரியும். குளுக்கோமீட்டரின் நினைவகத்தில் வேறு எண்கள் இருக்கும். சில நாட்களுக்கு எண்ணே இருக்காது. பிள்ளையைக் கண்டித்து, பெற்றோருக்கு அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவதே வழக்கம். அந்தப் பிள்ளை யாருக்குப் பயந்து அப்படி எழுதியது என்று விசாரிப்பதும் சிகிச்சையின் பகுதியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாள்தோறும் நான்கு இன்சுலின் ஊசி, குறைந்தது நான்கு முறை விரல்குத்தல், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் மாவுச்சத்துக் கணக்கு; இதற்கு விடுமுறை கிடையாது. நெடுநாள் நோயாளிகளில் வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் கூறியது. பெரியவர்களே தடுமாறும் இடத்தில் 12 வயதுப் பிள்ளையின் தடுமாற்றத்தை மட்டும் ஒழுக்கக்கேடாகப் பார்ப்பது நியாயமில்லை.

பருவ வயதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பதால் இன்சுலினுக்கு உடல் முன்போல் இணங்குவதில்லை. பழைய அளவிலேயே ஊசி போட்டாலும் சர்க்கரை ஏறும். 1993இல் முடிவு வெளியான, 1,441 பேர் பங்கேற்ற வட அமெரிக்க ஆய்விலும், தீவிர சிகிச்சை பெற்ற பதின்ம வயதினரின் ஹெச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்த அளவு) பெரியவர்களுடையதைவிட உயர்ந்தே இருந்தது. அத்தனை கவனிப்பு இருந்தும் அந்த நிலை. ஊசியைத் தவறாமல் போட்ட பிள்ளையைப் பார்த்து "திருட்டுத்தனமாக என்ன தின்றாய்?" என்று வீட்டில் கேட்டால், அடுத்த எண் நோட்டுக்கு உண்மையாக வராது.

இதே வயதில்தான் "இனி நீயே பார்த்துக்கொள்" என்று பெற்றோர் விலகுகிறார்கள். ஊசி போடத் தெரிவது வேறு, நாள் தவறாமல் அதைச் சுமப்பது வேறு. பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் பார்பரா ஆண்டர்சன் குழுவினர் 10 முதல் 15 வயதுவரையுள்ள சிறாரின் குடும்பங்களுக்குப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளப் பழக்கினர். பெற்றோரின் பங்கு குறையவில்லை. வீட்டுச் சண்டையும் பெருகவில்லை என்று 1999இல் எழுதினர். உடனிருப்பதைக் கண்காணிப்பாக மாற்றாமல் இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

பள்ளியையும் விட்டுவிட முடியாது. நீரிழிவுள்ள மாணவர்கள் மாத்திரை, தின்பண்டம் ஆகியவற்றைத் தேர்வறைக்குள் கொண்டுசெல்ல சிபிஎஸ்இ 2017இல் அனுமதித்தது. ஆனால் தேர்வு வருடத்தில் சில நாட்கள். மதிய ஊசி தினமும் வருவது. அதைப் பள்ளியில் எங்கே, எப்படிப் போடுகிறார்கள் என்பது நோட்டில் தெரியாது. ஆகவே "ஒழுங்காகப் போடுகிறாயா?" என்ற கேள்வியை மருத்துவர் கைவிட வேண்டும். அதற்கு "ஆமாம்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். "போன வாரம் எந்த ஊசி போட ரொம்பக் கஷ்டமாக இருந்தது? மதிய ஊசியை எங்கே போடுகிறாய்?" என்று கேட்கலாம். கழிப்பறையில் என்று பதில் வந்தால், இன்சுலின் அளவை மாற்றி எழுதுமுன் தலைமையாசிரியரிடம் பேசி ஒரு தனியறைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.