காவலூர் இரவுவான் ஒளிப்படக்கலை

தமிழ்நாட்டில் இரவு வானைப் படமெடுக்கும் கலை முதிர்ந்த இடம் காவலூர். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்து, ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் இது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

காவலூருக்கு முன் தமிழ்நாட்டில் இரவு வானைப் பெரும்பாலும் கண்ணால்தான் ஆராய்ந்தார்கள். மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861இல் ஏசியா என்ற சிறுகோளையும் 1885இல் வேரா என்ற சிறுகோளையும் கண்டுபிடித்தது தொலைநோக்கியில் கண் பதித்துத்தான். 1899இல் உருவான கொடைக்கானல் ஆய்வகம் ஒளிப்படத்தில் பேர்பெற்றது. ஆனால் அது படமெடுத்தது பெரும்பாலும் சூரியனை. அங்கே வெளிச்சத்தைக் குறைப்பது வேலை. இரவிலோ ஒவ்வொரு துளி வெளிச்சத்தையும் சேர்த்தாக வேண்டும்.

அந்த வித்தையை அறிந்து வந்தவர் வைணு பாப்பு. ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949இல், தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீனைக் கண்டவர். 1960இல் கொடைக்கானல் இயக்குநரானதும் இரவு வானுக்கு ஏற்ற இடம் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். 1968இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கி இயங்கியது; 1972இல் 102 செ.மீ. கருவி வந்தது.

தகட்டுக் காலத்து உழைப்பு இன்று எளிதில் புரியாது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. தொலைநோக்கியை மோட்டார் திருப்பினாலும் சிறு பிசகு வரும். ஆகவே பக்கத்து விண்மீன் ஒன்றைக் குறுக்குக்கம்பியில் நிறுத்தி, படம் பதிந்து முடியும்வரை கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மங்கிய ஒளியில் நேரம் நீள நீளத் தகட்டின் உணர்திறனும் குறையும். இதற்காகத் தகடுகளை ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் சூடேற்றிப் பதப்படுத்தும் முறை வானியலாளரிடையே பரவியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் தகட்டில் பதிவது விழுந்த ஒளியில் ஓரிரு விழுக்காடுதான்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று, 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் 4130 ராமானுஜன் என்ற பெயர் பெற்றது. வேராவுக்கு 103 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து கிடைத்த சிறுகோள் அது. ஒரே வானப்பகுதியை இடைவெளி விட்டு எடுத்த படங்களில், மற்றவை நிற்க, நகர்ந்த புள்ளியே சிறுகோள்.

1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் காண பாப்பு இல்லை, 1982இலேயே காலமானார். பின்னர் தகடுகளின் இடத்தைச் சிசிடி என்ற மின்னணு ஒளியுணர் சில்லு பிடித்தது. விழும் ஒளியில் பாதிக்கு மேல் பதியும் அந்தச் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்துப் பயன்படுத்தினார்கள்.

லடாக்கின் ஹான்லேவுக்கு 2022இல் இருள்வான் காப்பகம் என்ற பாதுகாப்பு கிடைத்தது. காவலூருக்கும் அது வேண்டும். ஊர் விளக்குகளை மேல்நோக்கிச் சிதறாதபடி மூடினாலே பெரும் நன்மை.

ஒரகடம் போல ஆலை விளக்குகள் விடியும்வரை எரியும் இடத்தில் இரவு வானைப் படமெடுக்கக் கற்பவர்க்கும் அடிப்படை அதே: நகரும் வானிலிருந்து துளித்துளியாக ஒளியைச் சேர்ப்பது. முக்காலியில் 24 மி.மீ. லென்ஸுடன் ஏறத்தாழ 20 விநாடிக்கு மேல் போனால் விண்மீன்கள் கோடாகும். வானொளியோ படத்தை வெளுக்கச் செய்யும். அதனால் குறுகிய படங்கள் பலவற்றை எடுத்து, விண்மீன்களைப் பொருத்தி அடுக்குகிறார்கள். லென்ஸை மூடி எடுத்த இருள்படத்தைக் கழித்துச் சில்லின் இரைச்சலைக் குறைக்கிறார்கள்.