சீந்திலும் பத்தாவாலியும்: ஒரு பெயரின் வரலாறு

மலேசியத் தமிழரிடையே சீந்தில் என்னும் பெயர் இரு வேறு கொடிகளுக்கு வழங்குகிறது. ஒன்று சித்த மருத்துவ நூல்கள் கூறும் சீந்தில். மற்றொன்று மலாய்க்காரர் பத்தாவாலி என்றழைக்கும் கொடி. இவை ஒரே பெயருக்குள் வந்த வரலாற்றையும் இவற்றின் தாவரவியல் வகைப்பாட்டையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

சீந்திலுக்கு அமிர்தவல்லி, சோமவல்லி முதலிய பெயர்களும் உள. சித்த மருத்துவத்தில் இது சுரத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மூலிகையாகும். இதன் தண்டிலிருந்து எடுக்கப்படும் மாவுச்சத்தே சீந்தில் சர்க்கரை எனப்படுவது. வான் ரீடு தொகுத்த மலபார்த் தாவர நூலின் ஏழாம் தொகுதியில் (1688) இக்கொடி சிற்றமிர்து என்னும் மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. 1806இல் வில்டினோ இதனை மெனிஸ்பெர்மம் என்னும் பேரினத்துள் அடக்கி அறிவியற்பெயரிட்டார். 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலிலும் இது ஏற்கப்பட்டது.

பத்தாவாலியின் வரலாறு அம்போன் தீவிலிருந்து தொடங்குகிறது. அங்கு வாழ்ந்த ரம்பியஸ், கசப்பு மிகுதி கருதி, பித்தக் கயிறு எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் இதனைக் குறித்தார். லின்னேயஸ் 1763இல் இதற்கு மெனிஸ்பெர்மம் கிரிஸ்பம் எனப் பெயரிட்டார். 1851இல் மையர்ஸ் டினோஸ்போரா என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். அதன்பின் சீந்தில் டினோஸ்போரா கார்டிபோலியா என்றும், பத்தாவாலி டினோஸ்போரா கிரிஸ்பா என்றும் நிலைபெற்றன. ஆகவே இவை ஒரே பேரினத்தைச் சார்ந்த இரு வேறு சிற்றினங்களாகும்.

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷார் செல்வாக்கின்கீழ் வந்தது. அதன் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். கோல மூடா மாவட்டத்துச் சிடாம் கிரியும் இத்தோட்ட வட்டாரத்தைச் சேர்ந்ததே. மலாயாவில் ரப்பர்ப் பயிரைப் பரப்பப் பெரிதும் பாடுபட்ட ரிட்லியே, மலாயத் தீபகற்பத் தாவரங்களையும் ஐந்து தொகுதிகளாக (1922–1925) வெளியிட்டார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மலேரியாக் காய்ச்சல் மிகுந்திருந்த அக்காலத் தோட்டங்களில், இதய வடிவ இலையும் கசப்புச் சுவையும் கொண்ட உள்ளூர்க் கொடியைக் கண்ட தமிழர், தாம் முன்னரே அறிந்த பெயரை அதற்கு இட்டனர் எனக் கருத இடமுண்டு. அவர்கள் ஊரிலிருந்து கொணர்ந்தது பெயரே, கொடி இம்மண்ணிற்குரியது.

இவ்வேறுபாடு வெறும் பெயராராய்ச்சியன்று. பத்தாவாலியால் கல்லீரல் பாதிப்புற்றோர் குறித்த மருத்துவப் பதிவுகள் உள்ளன. சீந்திலெனக் கருதி இதனை உண்பது தீங்கு விளைவிக்கலாம் என 2022இல் இந்திய ஆயுஷ் அமைச்சகமும் எச்சரித்தது. தண்டு முழுவதும் பரு போன்ற முண்டுகள் நெருங்கியிருப்பது பத்தாவாலி. தாள் போன்ற மெல்லிய தோல் உரிவது சீந்தில்.

தோட்டங்கள் மறைந்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவரும் இந்நாளில், முதியோர் வழங்கும் மூலிகைப் பெயர்களைத் தொகுப்பது இன்றியமையாதது. அவ்வாறு தொகுப்போர் பெயரை மட்டும் எழுதிக்கொள்வது போதாது; அது சுட்டும் செடியையும் கண்டு, அதன் அறிவியற்பெயரோடு பதிவு செய்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு இப்பணியைத் தொடங்கலாம். பழம்பெயர் வழக்கில் நிலைக்கவும், அதனை நம்பி மருந்துண்போர்க்குத் தீங்கு நேராதிருக்கவும் இது துணைபுரியும்.