பீப்பாயா, பாட்டிலா: யார் முடிவு செய்தது?

வீட்டில் காய்ச்சிய பீரைப் பீப்பாயில் வைப்பதா, பாட்டிலில் அடைப்பதா? காசும் ஓய்வும் உள்ளவனுக்கு இது ருசி சம்பந்தப்பட்ட கேள்வி. தென்னாப்பிரிக்க நகரங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இது போலீஸ் சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தது.

அவர்களுடைய பீர், முளைகட்டிய சோளத்தை அரைத்துக் கஞ்சியோடு சேர்த்துப் புளிக்கவைப்பது. ஜூலு மொழியில் உட்ஷ்வாலா. கொழகொழவென்று புளிப்பாக இருக்கும், போதை குறைவு. பசிக்கு உணவு, முன்னோருக்குப் படையல், விருந்தாளிக்கு மரியாதை எல்லாம் அதுதான். காய்ச்சுவது பெண்கள். சில நாளுக்குள் குடித்துத் தீர்த்துவிட வேண்டும். காய்ச்சி முடித்த பிறகும் அது புளித்துக்கொண்டேயிருக்கும். இறுக மூடிய பாட்டிலில் அடைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துப்போகும். அதனால்தான் அகன்ற மண்பானை. அதன்மேல் புல்லில் பின்னிய மூடி. மூச்சுவிட இடம் வேண்டுமே.

இந்தப் பானைக்குள் அரசு கைவிட்டது 1908இல். அந்த ஆண்டு நேட்டாலில் வந்த சட்டத்தை வைத்துக்கொண்டு, 1909இலிருந்து டர்பன் நகராட்சி பீர் காய்ச்சும் உரிமையைத் தனக்கே எடுத்துக்கொண்டது. நகராட்சி நடத்தும் பீர்க்கூடங்களில் கறுப்பின ஆண்கள் குடித்தார்கள். அந்த லாபத்தில்தான் அவர்களை அடக்கியாளும் நிர்வாகமே நடந்தது. தன்னை அடைத்துவைக்கும் கொட்டடிக்குத் தானே காசு கொடுக்க வேண்டும்! 1923ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற நகரங்களுக்கும் இந்த வழியைத் திறந்துவிட்டது. பாட்டிலில் வந்த பார்லி பீர், ஒயின், பிராந்தியைக் கறுப்பின மக்கள் வாங்குவது 1962 வரை பொதுவாகக் குற்றம். ஆக, பாட்டில் வெள்ளையனுக்கு, பெரிய தொட்டி நகராட்சிக்கு. பெண்ணுக்கு மிஞ்சியது மண்ணுக்குள் புதைத்த தகர டின்.

ஆமாம், புதைத்தார்கள். தரைக்கு மேலே நிற்கும் பீப்பாய் சாட்சியாகிவிடும். 1930களில் ஜோகன்னஸ்பர்க்கின் ரூயியார்டு குடியிருப்பை ஆராய்ந்த எலன் ஹெல்மன் இந்த ஊறல் குழிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எசேக்கியேல் எம்பாலேலே 1959இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும், சிறுவயதில் டின் புதைக்கக் குழி தோண்டிய கதை வருகிறது. போலீஸ்காரர்கள் இரும்புக் கம்பியால் முற்றத்தைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். அகப்பட்டால் கொட்டிக் கவிழ்ப்பார்கள், அபராதம், சிறை. வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அந்தக் குழிக்குள்தான் இருந்தன.

1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் குடிசைகளில் சுகாதாரம் என்று சொல்லி ஊறல்களை அழித்தார்கள். ஜூன் 17ஆம் தேதி பெண்கள் தடியோடு நகராட்சியின் பீர்க்கூடத்துக்குள் நுழைந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த ஆண்களை அடித்து விரட்டினார்கள், பீரைக் கொட்டினார்கள். மறுநாள் கூடிய பெண்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. பீர்க்கூடப் புறக்கணிப்பு நேட்டாலின் மற்ற ஊர்களுக்கும் பரவியது. பெண்கள் குடிக்கடையை உடைத்தார்கள் என்றதும் மதுவிலக்குப் போராட்டம் என்று எழுதிவிடத் தோன்றும். இல்லை. 'எங்க ஊறலைக் கொட்டிப்புட்டு ஒங்க பீரை விப்பீங்களா?' என்பதே அங்கே இருந்த கேள்வி.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கேட்டோ மேனர் நிலத்தில் பெரும்பகுதி இந்தியர்களுக்குச் சொந்தமாயிருந்தது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியவர்களின் வாரிசுகள், தமிழர்களும் சேர்த்து, அங்கே நிலம் வைத்திருந்தார்கள். கறுப்பினப் பெண்கள் பீர் விற்றுக் கட்டிய குடிசை வாடகை இவர்கள் கைக்கும் போனது. அவர்களும் வெள்ளை ஆட்சியால் ஒடுக்கப்பட்டவர்கள்தான். ஒடுக்கப்பட்டவன் இன்னொருவனுக்கு நிலக்காரனாகவும் இருக்க முடியும் என்பதை மறைத்து வரலாறு எழுதக் கூடாது.

1962இல் பாட்டிலும் கறுப்பின மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஓட்டுரிமை வரவில்லை, பாட்டில் வந்தது. 1976இல் சொவெட்டோ மாணவர்கள் எழுந்தபோது பீர்க்கூடங்களும் பாட்டில் கடைகளும் எரிந்தன. தங்கள் அப்பன்மார் சம்பளம் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

பீப்பாய்க்கும் பாட்டிலுக்கும் வரலாறு எழுதுகிறவர்கள் மரத்தையும் கண்ணாடியையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். மண்ணுக்கடியில் இருந்த டின்னையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைப் புதைத்தவளின் பெயர் போலீஸ் ஏட்டில் குற்றவாளி என்று மட்டும் பதிவாகியிருக்கிறது.